மீனுவின் காதுகுத்துச் செலவு

போன மாதம் ஷிஜி போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண். "சாறே, புதுசா சேர்ந்தவங்களுக்கு டிரெய்னிங் வச்சிருக்கு. சார் வந்து அரை மணி நேரம் அனுபவத்தைப் பேசணும்" என்றாள். மட்டாஞ்சேரியிலிருந்து கலூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஹாலில் முப்பத்தொரு நாற்காலிகள்; அதில் நான்குக்குக் கை கிடையாது. ஃபேன் ஐந்து, சுற்றியது இரண்டு. எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை புரொஜெக்டர் தின்றது. மீதியில் ஒரு புது ஆப்பைக் காட்டினார்கள். பிள்ளை வளர்க்கும் குடும்பத்தார் இனி பில்லை வெள்ளைத்தாளில் ஒட்டிக் கொண்டுவர வேண்டாமாம். மொபைலில் படம் எடுத்தால் போதும். எந்த வகைச் செலவு என்பதை ஆப்பே கண்டுபிடித்துப் போட்டுவிடுமாம்.

"காதுகுத்து பில்லைப் படம் எடுத்தால் எந்த வகையில் போடும்?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் சாயாவும் பழம்பொரியும் வந்துவிட்டன. கேள்வி அப்படியே நின்றது. நான் தமாஷுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியால் ஒரு பிள்ளை வீட்டை இழக்கப் பார்த்தாள். ஹாலில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் ஷிஜியும் படிப்பாள்தான். ஆனால் அந்தப் பிள்ளையை வளர்த்த பேச்சியம்மாள் பேசியது எங்கள் கொச்சி ஊர்த் தமிழ். அதை மாற்றினால் பாதி போய்விடும்.

முதலில் ஒரு விஷயம். தத்து வேறு, வளர்ப்பு வேறு. தத்துக் கொடுத்தால் பிள்ளை உங்களுடையது. வளர்ப்புக்குக் கொடுத்தால் பிள்ளை அரசாங்கத்துடையது, சோறும் துணியும் தூக்கமும் மட்டும் உங்களுடையது. அதற்காக அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகையோடு சேர்ந்து சில உதவிகளும் வரும். கவுன்சலிங், பேச்சுப் பயிற்சி, மருத்துவச் சோதனை, என்னைப் போன்ற ஒருவன் வந்து வீட்டைப் பார்ப்பது. தொகை நின்றால் இதெல்லாமும் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். யார் கட்டியது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

என் அப்பா கொச்சி நகராட்சியில் துப்புரவு மேஸ்திரி. அவர் அப்பா அங்கேயே துப்புரவுத் தொழிலாளி. நான் படித்தேன், அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனேன், மேசைகள் மாறினேன், ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தமிழ் தெரியும், எண்ணத் தெரியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சொல்லத் தகுந்த வேலை நான் பார்த்தது அங்கேதான். அதற்கு முந்தையதெல்லாம் ஃபைலை இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்கு மாற்றியது.

வீடு பார்ப்பதற்கு முறை உண்டு. வாசலில் நின்று சன்னல்களை எண்ண வேண்டும். உள்ளே போனால் படுக்கிற இடங்களையும், குடிதண்ணீர்க் குழாயையும், கதவுத் தாழ்ப்பாளையும் பார்க்க வேண்டும். கக்கூஸ் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். பிறகு பக்கத்து வீடுகளில் மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும். அதில் ஒருவராவது அந்த வீட்டோடு சண்டை போட்டவராக இருக்க வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. சண்டைக்காரர்தான் சரியாகச் சொல்வார்.

எங்கள் அதிகாரி ஊர்மிளா மேடம். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். முதல்முறை வரிசை எண்கள் சரியா என்று மட்டும். இரண்டாவது முறைதான் விஷயம். படித்து முடித்ததும் பேனாவை மூடி மேசைமேல் நேராக வைப்பார். மூடியைப் போடும் சத்தம் கேட்டால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சாறே, இது எந்த ஹெட்?" செலவின் வகைக்கு அலுவலகத்தில் ஹெட் என்று பெயர். உணவு, உடை, படிப்பு, மருத்துவம், இதரம் என்று ஐந்து. பிள்ளைக்கு ஒரு குடை வாங்கினால் அது உடையா இதரமா என்று ஒரு காலை முழுவதும் பேசியிருக்கிறோம். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால்கூட நாம் பதிலுக்குக் கத்தலாம். அந்த வசதியும் கிடையாது.

பேச்சியம்மாள் வீடு எங்கள் பஜாருக்குப் பின்னால், சுக்கு கிட்டங்கிகளைத் தாண்டிப் போகும் சந்தில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டு சன்னல். தோசை மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பவள். கணவர் சங்கரலிங்கம் மாநகராட்சியில் வண்டி ஓட்டுகிறார். இவர்களும் என்னைப்போல மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் திருநெல்வேலிக்காரர்கள். பிள்ளை இல்லை. மீனு அவர்களிடம் வந்தபோது ஐந்து வயது. ஆலுவா பக்கம் பிளைவுட் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வடநாட்டுப் பெண்ணின் மகள். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். உறவுக்காரர்களைத் தேடி நாங்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது முடியாமல் தத்துக் கொடுக்க முடியாது. அதனால் வளர்ப்பு. பிள்ளை பேசுவதே இல்லை. எந்த மொழியிலும் இல்லை. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு செய்திருந்தோம்.

முதல் சுற்றுப் பணம் வந்த பிறகு கணக்குப் பார்க்கப் போனேன். பாஸ்புக்கில் தொகை அப்படியே இருந்தது.

"செலவே பண்ணலையே?"

"எதுக்கு அண்ணாச்சி பண்ணணும்?" என்றாள் பேச்சியம்மாள், மாவை பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே. "பிள்ளைக்குச் சோறு போடுததுக்குக் கூலி வாங்குவாவளா யாராவது? அப்பம் நான் அவளுக்கு அம்மையா, ஆயாவா?"

"கூலி இல்லம்மா. உதவி."

"எங்களுக்கு உதவி வேண்டாம். ஏங்க, சொல்லுங்களேன்."

சங்கரலிங்கம் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "நான் சொன்னா கேப்பாளா? எனக்கே கணக்குப் பாத்துத்தான் சாயாக்காசு தருவா. அரசாங்கத்துக்கிட்ட வாங்கமாட்டாளாம், எங்கிட்ட மட்டும் சம்பளத்த முழுசாப் புடுங்கிக்கிடுவா."

"நீரு வாயை மூடும்" என்றாள் அவள். மீனு ஒரு மூலையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை. ஆனால் ரப்பர் பேண்டை பாக்கெட்டுக்கு ஒன்று, தன் கைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தாள். கையில் பதினான்கு இருந்தன.

நான் அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மேடம் இரண்டு முறை படித்தார். பேனா மூடியது.

"பணம் செலவாகவில்லை என்றால் பிள்ளைக்காக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் ஆடிட் எழுதும்."

"பிள்ளை நன்றாக இருக்கிறாள் மேடம். எடை கூடியிருக்கிறது."

"எடைக்கு பில் உண்டா?"

மூன்று வழி இருந்தது. செலவு செய்து பில் காட்டலாம். அல்லது உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் கயிறு அறுந்து பேச்சுப் பயிற்சிப் பெண் வரமாட்டாள். இரண்டும் இல்லையென்றால், பராமரிப்பில் குறை என்று பிள்ளையை அரசாங்கக் குழந்தைகள் இல்லத்துக்கு மாற்றலாம். நான் திரும்பவும் சந்துக்குப் போனேன். வெயில் வேறு.

பயிற்சி நின்றுவிடும் என்றதும் பேச்சியம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள். முந்தின வாரம்தான் மீனு அவளை "அம்மே" என்று கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் பூனை மாவில் வாயை வைத்துவிட்டது என்று சொல்வதற்காக.

"சரி. செலவு பண்ணுதேன். எதுக்குப் பண்ணணும்?"

"பிள்ளைக்காக எதுவானாலும். ஆனால் பில் வேண்டும். ஒரு பில் விடக்கூடாது."

"மீன்காரன் பில் தருவானா?"

"மீனை விடு. பில் தருகிற இடத்தில் வாங்கு. பெரிய செலவாக ஒன்று செய்தால் சீக்கிரம் தீரும்" என்றேன். இப்போதும் சொல்கிறேன், அந்த யோசனையில் ஒரு தப்பும் இல்லை. சைக்கிள் வாங்கலாம். படிக்கிற மேசை வாங்கலாம். அலமாரி வாங்கலாம். உலகத்தில் எத்தனை பொருள் இருக்கிறது.

பிறகு எனக்குக் கண் ஆபரேஷன். திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் முதலில் அந்தச் சந்துக்குத்தான் போனேன். சந்து முனையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தேன். "எங்கள் செல்லமகள் மீனுவின் காதணி விழா." நடுவில் பட்டுப்பாவாடையில் மீனு. கீழே, தாய்மாமன் மாடசாமி, சங்கரன்கோவில். அதற்கும் கீழே வாழ்த்துவோர் பட்டியலில் பத்தொன்பது பெயர்கள். முதல் பெயர் ஊர்மிளா மேடம். இரண்டாவது நான்.

பேச்சியம்மாள் ஓடி வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். "அண்ணாச்சி, ஒரு பில் விடல. ஆசாரிகிட்ட சண்டை போட்டு வாங்கினேன்." எல்லாம் வெள்ளைத்தாளில் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு இருந்தது. பதினோரு பில். தோடு, ஆசாரி கூலி, பட்டுப்பாவாடை, பந்தல், மைக், பிரியாணி அரிசி, ஆட்டிறைச்சி, ஃப்ளெக்ஸ், இன்னும் சில்லறையாக மூன்று. அவ்வளவு ஒழுங்காக ஒட்டிய பில்களை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. திட்டக்கூட வாய் வரவில்லை.

"ஏம்மா, கேட்டுச் செய்யக்கூடாதா?"

"எதுவானாலும்னு நீங்கதான சொன்னிய? பொம்பளப்பிள்ளைக்குக் காது குத்தாம விடுவாவளா? எந்தம்பி ரயிலேறி வந்து மடியில வச்சுக் குத்தினான். அழவே இல்ல. அவன்தான் அழுதான்."

மீனு காதைக் காட்டினாள். சின்ன சிவப்புக் கல் தோடு, சுற்றிலும் மஞ்சளும் எண்ணெயும். "ரண்டு" என்று விரலைக் காட்டினாள். எண்ணுகிற பிள்ளை. அதனாலேயே எனக்கு அவள்மேல் ஒரு இது.

மேடம் பில்களை இரண்டு முறை படித்தார். பேனா மூடிய சத்தம் அன்று பெரிதாகக் கேட்டது. ஆனால் ஹெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாறே, அரசாங்கத்தின் பிள்ளைக்கு உடம்பில் துளை போட யார் அனுமதி கொடுத்தது?"

"அது அவர்கள் வழக்கம் மேடம்."

"நாளைக்கு இந்தப் பிள்ளையின் சொந்தக்காரர்கள் வந்தால்? எங்கள் வழக்கத்தில் இது இல்லை என்று சொன்னால்?" பிறகு ஃப்ளெக்ஸ் படத்தைப் பார்த்தார். "நாம் விளம்பரம் கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். தாய்மாமன் ஃப்ளெக்ஸில் நிற்கிறார். நல்ல அலுவலகம்."

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தால் பத்து வரியில் முடிந்திருக்கும். இந்த அம்மா பதினோரு பில் ஒட்டத் தெரிந்தவள், ஒரு கடிதம் எழுதத் தெரியாதவள். விஷயம் கமிட்டிக்குப் போனது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கமிட்டி.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் டம்ளர் நான்கு. பேச்சியம்மாளும் சங்கரலிங்கமும் பெஞ்சில். தம்பி மாடசாமியும் சங்கரன்கோவிலிலிருந்து வந்து வெளியே நின்றிருந்தார். மீனு வெளி அறையில் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைவியம்மா கொஞ்சம் தமிழ் பேசுவார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர்தான் அதிகம் பேசினார்.

"அனுமதியில்லாமல் உடலில் மாற்றம். அரசுப் பணத்தில் பிரியாணி. விசாரணை முடியும்வரை பிள்ளை இல்லத்தில் இருக்கட்டும்."

பேச்சியம்மாளுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். முகம் மாவுப் பாக்கெட் நிறத்துக்கு வந்தது. "சாறே, எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் தாங்க. பிள்ளைய இடம் மாத்தாதீங்க. இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா. அங்கன கொண்டுவிட்டா மறுபடி மூடிக்கிடுவா."

"நீங்கள் செய்யுமுன் யோசித்திருக்க வேண்டும்."

"யோசிச்சுத்தான் செஞ்சேன். அவளுக்கு யாரும் இல்லன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைக சொல்லுது. ஒரு மாமன் இருக்கான்னு ஊருக்குத் தெரியட்டும்னு ஃப்ளெக்ஸ் வச்சேன்."

தலைவியம்மா எங்கள் மேடத்தைப் பார்த்து, "அலுவலகம் என்ன சொல்கிறது?" என்றார். மேடம் எழுந்தார். பேனாவை மூடினார். எழுத்தில் புகார் கொடுத்ததே அவர்தான்.

"உடலில் காயம் ஏற்படுத்தியதாக அறிக்கை கொடுத்திருக்கிறேன்" என்றார். "காயம் ஆறாத பிள்ளையை, மருத்துவக் காரணம் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது என்பது நம் நடைமுறை. காது ஆறும்வரை காலையும் மாலையும் எண்ணெய் போட ஆள் வேண்டும். இல்லத்தில் அதற்கு ஆள் இல்லை. ஆளை வைத்தால் அது எந்த ஹெட் என்று கமிட்டி சொல்ல வேண்டும். ஆறிய பிறகு மாற்றுவதானால், எதற்காக மாற்றுகிறோமோ அந்தக் காயம் இருக்காது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேங்க்காரர் பேனாவைப் பையில் செருகினார். அவருக்கும் ஹெட் தெரியும். அந்த வம்பும் தெரியும். மேடம் அந்தப் பிள்ளைக்காகப் பேசினாரா, இடமாற்றத்துக்கு எழுத வேண்டிய ஒன்பது காகிதங்களுக்குப் பயந்து பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். "நடைமுறையைச் சொன்னேன் சாறே" என்றார். இப்படிப்பட்டவரை என்ன செய்ய?

தலைவியம்மா தீர்ப்பைத் தமிழிலேயே சொன்னார். பிள்ளை அங்கேயே இருக்கலாம். ஒரு எச்சரிக்கைக் கடிதம். காதுகுத்துச் செலவு ஒரு ஹெட்டிலும் சேராது; அத்தனையையும் குடும்பத்தார் திருப்பிக் கட்ட வேண்டும்.

நான் பேச்சியம்மாளைப் பார்க்கத் தயங்கினேன். மாவு விற்கிற வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, திருப்பிக் கட்டிட்டா, அப்பம் அது எங்க காசுல செஞ்ச காதுகுத்துதான?"

"ஆமாம்மா."

"எழுதித் தருவாவளா?"

"ரசீது தருவார்கள்."

முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மறுவாரமே தெருவில் மாதாமாதம் கட்டிவந்த சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டாள். தவணை கேட்கலாம் என்றேன், கேட்கவில்லை. ரசீதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். தண்டம் கட்டிய ரசீதை மாட்டி வைத்த வேறு வீடு எனக்குத் தெரிந்து இல்லை. கட்டிய பணத்தை அலுவலகம் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வரவு வைத்தது; அரசாங்கப் பணம் மறுபடி முழுசாக, செலவாகாமல் நின்றது. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சைக்கிள், மேசை, அலமாரி. கடைசியில் சைக்கிள் வாங்க வைத்தேன். ஒரு பில், ஒரு ஹெட். அதற்கே என் செருப்பு தேய்ந்தது.

மீனுவைத் தேடி யாரும் வரவில்லை. தத்துக்கு உரியவள் என்று அறிவித்தார்கள். வளர்த்தவர்களுக்கே தத்துக் கொடுக்கலாம் என்று உத்தரவும் வந்தது. இங்கேதான் எனக்கு ஆறாத கோபம். தத்து ஆனால் பிள்ளை அவர்களுடையது. அதனால் உதவித் தொகை நிற்கும். அதோடு பேச்சுப் பயிற்சியும் நிற்கும். மீனு பேச ஆரம்பித்துவிட்டாள், ஆனால் திக்கல் இன்னும் இருந்தது. நேற்று அரசாங்கப் பிள்ளையாக இருந்தபோது திக்கினவள் இன்று சொந்தப் பிள்ளையானதும் திக்கலை விட்டுவிடுவாளா? நான்கு மனு எழுதினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, மனு கிடைத்தது என்று பதில். பேச்சியம்மாள் இப்போது மாதம் இரண்டு தடவை எர்ணாகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் சொந்தக் காசில் பயிற்சி கொடுக்கிறாள். ஷிஜி, ஆப்பில் இதற்கு ஒரு பொத்தான் வைக்கச் சொல்.

தத்து உத்தரவு கையில் கிடைத்த அன்று மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். உதவி நிறுத்தப்படுகிறது என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சியம்மாள், "இனி பைசா வராதுல்லா? நிச்சயமா வராதுல்லா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு லட்டுப் பெட்டியை எடுத்து மேடம் மேசையில் வைத்தாள். மீனு உரக்க எண்ணினாள், திக்கித் திக்கி, இருபதுவரை. ஒன்றும் தப்பவில்லை.

மேடம் நிறுத்தல் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி நேராக வைத்தார். ஒரு லட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

"இது எந்த ஹெட்?"

பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"எங்க வீட்டுச் செலவு, மேடம்."